அம்மிணிதான் எக்ஸ்பர்ட்

திருப்பூர் சென்னியப்பன் ஐம்பத்தாறு வயதுக்குள் பனியைப் பார்த்தது ஃப்ரீஸருக்குள் மட்டும்தான். அதையும் அவர் தன் கையால் சுரண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம், சூரிச்சிலிருந்து திரையில் தெரிந்த வருங்காலச் சம்பந்தி வையாபுரி கேட்டார்: "குளிர்காலமானா நாங்க குடும்பத்தோட பனிச்சறுக்கு போயிருவமுங்க. உங்களுக்கு அதுல பழக்கம் உண்டுங்களா?"

சென்னியப்பன் கையிலிருந்த காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வருசா வருசமுங்க. போகலீன்னா ஒடம்புக்கே ஒத்துக்கறதில்லை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்குப் புரையேறியது. அவர்கள் வருசா வருசம் போவது கொடிவேரி அணைக்கு. அங்கேயும் சென்னியப்பன் தண்ணீரில் இறங்கமாட்டார். மேலே நின்று மீன் வறுவலுக்குப் பேரம் பேசுவார்.

பனியன் ஏற்றுமதியில் பெரிய ஆள் அவர். "வெள்ளைக்காரன் முதுகோட ஒட்டிக் கெடக்கறது என் துணி" என்று சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்வார். தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கோகிலவாணி கேட்டதில்லை. கல்யாணத்தன்று மெட்டி எந்த விரலுக்கு என்று கேட்டபோதுகூட, தப்பான விரலைத் தயங்காமல் பிடித்தவர்.

"அப்பறம் என்னங்க," என்றார் வையாபுரி. "வால்டென்ஹோர்ன்னு ஒரு மலை இருக்குது. அடிவாரத்துல அருமையான ரிசார்ட். ரெண்டு குடும்பமும் ஒரு வாரம் போயித் தங்கலாம். பையனும் பொண்ணும் பேசிப் பழகிக்கட்டும். அங்கியே நிச்சயத்தையும் வெச்சுப்போடலாம்."

மகன் நிதர்சன் கைப்பேசியில் கட்டைவிரலை ஓட்டியபடி தலையாட்டினான். திரையின் ஓரத்தில் மிருதுளா என்ற அந்தப் பெண் கைகூப்பினாள். கன்னமெல்லாம் வெயிலில் காய்ந்த மாதிரி சிவந்திருந்தது. அது பனியில் காய்ந்தது என்று கோகிலவாணிக்கு அப்போது தெரியாது.

சும்மா விடுவாரா சென்னியப்பன்? "எங்களுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்புதானுங்க. பாரம்பரியம். எங்க அம்மிணி வள்ளி கும்மி ஆசிரியர். இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்குது. மருமகளா வர்றவ கூட நின்னு ஒரு சுத்து அடிச்சுப்போடோணும். அது போதும்."

அந்தக் கும்மியை அவர் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அழைத்துப்போக வருவார், மைதானத்துக்கு வெளியே ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பார்.

மகளை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னங்க, தாராளமா," என்றார் வையாபுரி.

திரை அணைந்ததும் கோகிலவாணி கேட்டாள். "ஏனுங்க, இப்பிடிச் சொல்லிப்போட்டீங்களே, அங்க போயி என்ன பண்றது?"

"அட, அதுக்குத்தான் 'கைவசம்' இருக்குதல்ல."

*

'கைவசம் பழக்கமாற்று நிலையம்' கோவை அவிநாசி சாலையில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்கும் நடுவில் இருந்தது. இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கட்டியது போலிருக்கும். நகைக்கடையின் வெளிச்சம், மருத்துவமனையின் வாசனை. யாமினி என்ற அதிகாரி வெள்ளைக் கோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"கத்துக்கணும்னா வருஷக்கணக்காகும் சார். நாங்க கத்துத் தர்றதில்ல. ஒரு உடம்புல ஊறின பழக்கத்த அப்படியே எடுத்து இன்னொரு உடம்புல வைக்கறோம்."

"காப்பி எடுத்துப் போடறீங்க," என்றார் சென்னியப்பன், தெரிந்த மாதிரி.

"காப்பி எடுக்க முடியாது சார். அங்கேர்ந்து வந்தா அங்க இருக்காது. அதே மாதிரி, இங்க ஒண்ணு வரணும்னா இங்கேர்ந்து அதே கனத்துல ஒண்ணு கிளம்பணும். உடம்புல காலி எடம்னு ஒண்ணும் கிடையாது."

"நம்மளது எங்க போகுமுங்க?"

"யார் குடுக்கறாங்களோ அவங்ககிட்டயே. நேருக்கு நேர் மாத்து. பேரு, ஊரு மட்டும் சொல்ல மாட்டோம்."

முதலில் சென்னியப்பன் நாற்காலியில் ஏறினார். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். கார் ஓட்டுவேன், நீச்சல் தெரியும், டென்னிஸ் ஆடுவேன் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். யாமினி திரையில் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள்.

"கையெழுத்துப் போடறது இருக்கு சார். அப்பறம், விரலை நீட்டிப் பேசறது. இது நல்ல ஆழமா இருக்கு."

"டிரைவிங்?"

"டிரைவர் வெச்சிருப்பீங்க போல. அழிஞ்சிருச்சு."

நிதர்சனுக்குக் கிடைத்தது கட்டைவிரல். "இது எல்லார்கிட்டயும் இருக்கு தம்பி, யாரும் வாங்க மாட்டாங்க," என்று யாமினி அனுதாபமாகச் சொன்னாள். அப்பாவும் மகனும் சோபாவில் உட்கார்ந்து கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

அவள் ஏறியபோது இயந்திரத்தின் ரீங்காரமே மாறியது. யாமினி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மேடம், உங்ககிட்ட பெருசா ரெண்டு இருக்கே! ஒண்ணு சமையல். இன்னொண்ணு ஏதோ ஆட்டம், கையும் காலும் சேர்ந்து."

"கும்மிங்க."

"சமையல் வேண்டாம்," என்றார் சென்னியப்பன், தரம் கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்பும் வேகத்தில். "ஊட்டுல யாரு சமைக்கறது? கும்மிய எடுத்துக்கட்டும்."

கோகிலவாணி நாற்காலியில் நிமிர்ந்தாள். "தைப்பூசம் முடிஞ்சு அரங்கேற்றம் இருக்குதுங்க. நான் முன்னால நின்னு ஆடோணும்."

"அதுக்கு முன்னாடியே திரும்பக் கிடைச்சிரும் மேடம்," என்றாள் யாமினி. "ஒரு மண்டலம் டைம். அதுக்குள்ள நீங்களும் அவங்களும் ஒரே நேரத்துல, அவங்கவங்க ஊர் நிலையத்துல உக்காந்து, திருப்பிக் குடுங்கன்னு வாயால சொன்னாப் போதும். விட்டுட்டா வேர் பிடிச்சிரும். அப்பறம் எடுக்கவே முடியாது."

"ஒருத்தர் மட்டும் வந்தா?"

"நடக்காது மேடம். ஆனா வருவாங்க. தன் பொருள் மேல யாருக்குத்தான் ஆசை இருக்காது?" யாமினி திரையைத் தட்டினாள். முகம் மலர்ந்தது. "உங்களுக்கு நல்ல நேரம் சார். உலகத்துலயே கும்மி வேணும்னு ஒரே ஒரு ஆள்தான் பதிஞ்சு வெச்சிருக்காங்க. அவங்க குடுக்கறது பனிச்சறுக்கு. ஐரோப்பியத் தரம்!"

"வெள்ளைக்காரனுக்குக் கும்மி எதுக்குங்க?"

"கலாச்சார ஆர்வம் சார்."

சென்னியப்பனின் நெஞ்சு விரிந்தது. "பாத்தியா அம்மிணி, நம்ம கும்மி எங்கெல்லாம் போகுது!"

கோகிலவாணி மகனைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. எதன் மேலாவது அவனுக்குப் பிடிப்பு வந்து வெகுகாலமாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே சென்னியப்பன் சூரிச்சுக்குச் சொல்லிவிட்டார்: "எனக்கு இந்த வருசம் மொழங்கால் வலிங்க, நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன். அதனால ஒண்ணும் கொறைஞ்சு போகல. எங்க ஊட்டுல அம்மிணிதான் எக்ஸ்பர்ட்."

*

மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் பாட்டு தொடங்கியது. கோகிலவாணி கையை உயர்த்தினாள். வலக்கை ஒரு பக்கம் போனது, இடக்கை வேறெங்கோ போனது. இரண்டு உள்ளங்கைகளும் சந்திக்கவே இல்லை. பாட்டு முழுக்கத் தெரிந்தது, அடவின் பெயரெல்லாம் தெரிந்தது, எந்தக் கால் எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்ல முடிந்தது. தாளம் காதுக்குள் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, வெளிநாட்டுச் சம்பந்தி வந்த பவுசுல கையே மேல எந்திரிக்க மாட்டேங்குதா?" என்றாள் பரிமளம். சிஷ்யைகளில் மூத்தவள், வாய்த் துடுக்குக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்து வைத்தாள்.

அந்த மைதானத்தில் மட்டும்தான் அவள் முதலாளியம்மா இல்லை. பல்லடம் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது குதிகால் விண்டுபோன பிறகும், கட்டுப் பிரித்த வாரமே ஆட வந்தவள். அதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் குதிகால் அரைத் தாளம் பிந்தித்தான் தரைக்கு வரும். அது வெளியே தெரியாமலிருக்க இடது தோளை லேசாகத் தூக்கிக்கொள்வாள். பார்ப்பவர்கள் அதை ஒயில் என்று நினைத்தார்கள். இப்போது அந்தத் தோள்கூடத் தூக்க வரவில்லை.

போனதற்குப் பதிலாக வந்தது சும்மா இருக்கவில்லை. ஈரக் குளியலறையில் வழுக்கினால் முழங்கால் தானாக மடங்கிச் சமாளித்தது. மேம்பாலத்தில் இறங்கும்போது காருக்குள் அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. நிலையத்தில் ஒரு பயிற்சி அறை உண்டு. சரிவான வெள்ளைக் கம்பளப் பட்டை கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டிருக்கும். காலில் பலகைகளை மாட்டி அவளை அதன் உச்சியில் நிறுத்தினார்கள். மனம் பயந்தது. உடம்பு பயப்படவில்லை. சாய்ந்தாள், வளைந்தாள், அந்த அகலம் முழுவதிலும் கையெழுத்துப் போடுவதுபோல் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அரைக் கணம், கும்மிகூட மறந்துபோனது. அந்தச் சந்தோஷம் அவளுக்குக் குற்றம்போலவும் இருந்தது. வேறொருத்தர் வீட்டுக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டதுபோல.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் புறப்படும் முன் அவளது வலது கட்டைவிரல் மோதிர விரலின் அடியைத் தேய்த்துப் பார்க்கும். கழுத்து இடது பக்கம் சட்டென்று திரும்பும்.

"குடுத்தவங்களோட சின்னச் சின்ன வழக்கமும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும் மேடம்," என்றாள் யாமினி. "பிரிச்சு எடுக்க முடியாது."

யாராக இருக்கும்? ஒரு கிழட்டுப் பட்டாளத்துக்காரரை அவள் கற்பனை செய்துகொண்டாள். அவர் ஏதோ ஒரு குளிரூரில் கும்மி அடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

*

'வெள்ளைமலை' என்று வாட்ஸாப் குழு ஒன்று பிறந்திருந்தது. அதில் இரண்டு சம்பந்திகளும் போட்டி போட்டார்கள். வையாபுரி மலையின் வரைபடத்தைப் போட்டு, கறுப்புக் கோடு போட்ட சரிவுகள்தான் கடினமானவை என்று விளக்கினார். சென்னியப்பன், "கறுப்பில்லாம என்னங்க ஸ்கீயிங்!" என்று பதில் போட்டார். தன் மில்லிலேயே எல்லாருக்கும் கம்பளி உள்ளாடை தைத்து, நெஞ்சில் குடும்ப முத்திரையைப் பூவேலை செய்து, அதை மாட்டிக்கொண்டு மார்கழி மத்தியான வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் படம் எடுத்து அனுப்பினார்.

மார்கழிக் கடைசி என்றிருந்த பயணத்தை, பனி பற்றாது என்று சொல்லி வையாபுரி தைக்குத் தள்ளினார். தையிலிருந்து மாசிக்குத் தள்ளினார். சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும், "புதுப்பனிதானுங்க எனக்கும் பிடிக்கும்," என்று ஒப்புக்கொண்டார். மண்டலம் முடிவது தையில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை.

"நான் திருப்பிக் குடுத்துப்போட்டு வந்தர்றனுங்க," என்றாள் கோகிலவாணி.

"குடுத்துப்போட்டு? மாசியில அங்க போயிக் குப்புற விழுகறதா? சம்பந்தி முன்னால?"

"அரங்கேற்றத்துல முன்னால நின்னு நான் என்னுங்க பண்றது?"

அன்று சாயங்காலமே யாமினியிடமிருந்து அழைப்பு வந்தது. சென்னியப்பன் ஸ்பீக்கரில் போட்டார். எதிர்த் தரப்பினர் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறார்களாம். கும்மி அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம்.

"பாரு! அவங்களே கேக்கறாங்க. ரெண்டு பேரும் போகாம விட்டாப் போதும், வேலை முடிஞ்சுது," என்றார் சென்னியப்பன். "திருப்பூர்ல ஸ்கீயிங் தெரிஞ்ச பொம்பள நீ ஒருத்திதான் இருப்பே. கும்மி தெருவுக்கு நாலு பேருக்குத் தெரியும்."

"அந்த நாலு பேருக்கும் நான்தானுங்க சொல்லிக் குடுத்தேன்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குழுவில் வையாபுரி கையுறைகளைப் பற்றி ஏதோ போட்டிருந்தார்.

மறுநாள் கோகிலவாணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாமினியைக் கூப்பிட்டாள். "கண்ணு, அவங்க யாருன்னு மட்டும் சொல்லு. நான் காலுல விழுந்தாச்சும் கேட்டுக்கறேன்."

"சொல்லக் கூடாது மேடம்."

"அவங்களே நிரந்தரமா வேணும்னாங்களா?"

யாமினி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க வீட்ல சொன்னாங்க."

"ஊட்டுலன்னா?"

"அப்பா."

"அப்பாவா? அப்ப அந்தப் பொண்ணு என்ன..."

"மேடம், பொண்ணுன்னு நான் சொல்லவே இல்ல." இணைப்பு அறுந்தது.

கோகிலவாணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பால் பொங்கி வழிந்தது. பட்டாளத்துக்காரர் போய்விட்டார். எங்கோ ஒரு பெண், தன்னைப்போலவே, கேட்பாரில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் வராவிட்டால் இவள் போயும் பயனில்லை.

*

செவ்வாய்க்கு முந்தைய ஞாயிறு, பயண ஏற்பாடுகளைப் பேசி முடிக்க இரண்டு குடும்பமும் திரையில் கூடின. எந்த விமானம், எந்த அறை, யார் எந்தச் சரிவு. எல்லாம் முடிந்ததும் வையாபுரி தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி ஒரு எதிர்பார்ப்பு சொல்லியிருந்தீங்க. பாரம்பரியம். நாங்க வெளிநாட்டுல இருந்தாலும் அதையெல்லாம் விட்டுப்போடல. மிருதுளா கொழந்தையில இருந்தே கும்மி ஆடுமுங்க. அம்மிணி, ஆடிக் காட்டு."

மிருதுளா வரவேற்பறை நடுவில் வந்து நின்றாள். புடவைக் கட்டு புதுசு. முகத்தில் சிரிப்பில்லை. பாட்டை யாரோ போட்டார்கள்.

முதல் கைத்தட்டிலேயே கோகிலவாணிக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன சுத்தம்! இரண்டாம் சுற்றில் அந்தக் கை விரிந்த விதத்தை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. முதல் திருப்பம் வந்தது. இடது குதிகால் அரைத் தாளம் பிந்தித் தரையைத் தொட்டது. இடது தோள் லேசாக எழுந்தது.

கோகிலவாணி சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த திருப்பம். மறுபடி குதிகால், மறுபடி தோள். நாலாயிரம் மைலுக்கு அப்பால், ஒரு சூரிச் கம்பளத்தின் மேல், பல்லடம் ரோட்டில் விழுந்த அவளுடைய கால் ஆடிக்கொண்டிருந்தது.

"பாரு, எப்பிடி ஆடுது அந்தப் புள்ள!" என்று சென்னியப்பன் அவள் காதில் கிசுகிசுத்தார். "உன்னைய விட நேர்த்தி."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் உடைந்துவிடும். அவர் பொய், இவர் பொய், நிதர்சனின் கல்யாணம். சொல்லாவிட்டால் செவ்வாயோடு எல்லாம் முடிந்துவிடும். ஆட்டம் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். கோகிலவாணி மட்டும் தட்டவில்லை. தட்டினால் உள்ளங்கைகள் சந்திக்காது.

"நல்லா ஆடுனே கண்ணு," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எடது குதிகால்ல ஏதும் அடியா?"

மிருதுளா மூச்சு வாங்கினாள். "இல்லீங்க அத்தை, குதிகால் நல்லாத்தான் இருக்கு. ஆடும்போது மட்டும் அது லேட்டா வருது. ஏன்னு தெரியல."

"தோளு?"

"அதுவும் தானா வருது."

"அது ஸ்டைலுங்க!" என்று வையாபுரி சிரித்தார்.

கோகிலவாணி எழுந்தாள். "நானும் ஒண்ணு காமிக்கறனுங்க சம்பந்தி. ஸ்கீயிங்குல நாங்க எப்பிடி நிப்போம்னு."

"சபாஷ்!" என்றார் சென்னியப்பன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு முழங்காலை மடக்கி நின்றாள். வலது கட்டைவிரல் மோதிர விரலின் அடியைத் தேய்த்தது. கழுத்து இடது பக்கம் வெடுக்கென்று திரும்பியது. அவள் மறுபடி திரையைப் பார்த்தபோது, மிருதுளாவின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்திருந்தது.

"இந்த வெரலத் தேய்க்கறது எதுக்குன்னு எனக்கும் தெரியல கண்ணு," என்றாள் கோகிலவாணி மெதுவாக. "தானா வருது."

மிருதுளா கேமராவுக்கு அருகில் வந்தாள். "அங்க ஒரு மோதிரம் இருந்திருக்கும் அத்தை. பனியில தொலைஞ்சிருக்கும். இருக்கான்னு தொட்டுப் பாக்கற பழக்கம் மட்டும் போகாது."

"எடது பக்கம் பாக்கறது?"

"அந்தப் பக்கமாத்தான் ஒரு தடவை பனி சரிஞ்சு வந்திருக்கும். கூட வந்தவங்க புதைஞ்சு போயிருப்பாங்க."

"என்ன டெக்னிக்கலாப் பேசறாங்க பாருங்க!" என்று சென்னியப்பன் பூரித்தார்.

"நீ அடிக்கடி மலைக்குப் போவியா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"காணாமப் போனவங்களத் தேடற குழுவுல இருந்தேன் அத்தை. இந்த வருஷம் போகல." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "போன வாரம்கூடக் கூப்பிட்டாங்க. ஒரு பையனக் காணோம்னு. என்னால போக முடியல."

"காலுச் சுளுக்குங்க," என்று வையாபுரி அவசரமாகக் குறுக்கே வந்தார். "ரிசார்ட்டுல அது ஓரமா நின்னு சம்பந்தியம்மா சறுக்கறதப் பாத்துக்கும்."

கோகிலவாணி திரைக்கு அருகில் வந்து குனிந்தாள். "நான் செவ்வாக்கெழமை மத்தியானம் கோயமுத்தூர் போறேன் கண்ணு. ஒரு சாமானத் திருப்பிக் குடுக்கோணும். எடுத்தவங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் கடைக்காரங்க வாங்குவாங்களாம்."

மிருதுளா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். "எனக்கும் அன்னைக்கு ஒரு எடத்துக்குப் போகணும் அத்தை. கார் கிடைக்காது. நடந்தாவது போயிருவேன்."

"ஜாக்கெட்டா? சைஸ் சரியில்லையா?" என்றார் சென்னியப்பன். "டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பு."

"இதுக்கு நானேதான் போகோணுமுங்க."

*

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி பஸ்ஸில் போனாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். எதிரே இரண்டு விளக்குகள். அவளுடையது பச்சையாக எரிந்தது. பக்கத்தில் இருந்தது சிவப்பாகவே இருந்தது.

"எதிர்த் தரப்பு வரல மேடம்," என்றாள் யாமினி. "வர மாட்டாங்கன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

"வருவாங்க."

மத்தியானம் சாய்ந்தது. கைப்பேசி அதிர்ந்தது. சென்னியப்பன். நிலையம் வாடிக்கையாளரின் குடும்பத் தலைவருக்குத் தகவல் அனுப்பும் வழக்கம் உண்டாம். "எங்கிருக்கறே? மருவாதையா எந்திரிச்சு வா. மாசியில அங்க போயி என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்று அவர் கத்தியது யாமினிக்கும் கேட்டது. எதிரில் இல்லாவிட்டாலும் அவர் விரல் நீண்டிருப்பது கோகிலவாணிக்குத் தெரிந்தது. கைப்பேசியைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அது கொஞ்ச நேரம் துடித்து ஓய்ந்தது.

"மூடற நேரமாச்சு மேடம். அங்க வேற பனிப்புயலாம். டிராம் எதுவும் ஓடலையாம்." சொன்ன பிறகுதான் யாமினிக்குத் தான் உளறியது உறைத்தது. அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

"இன்னும் சித்த நேரம் கண்ணு. இத்தனை நாளு பொறுத்தாச்சு."

யாமினி கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சுவரிலிருந்த பொத்தானை நோக்கி அவள் கை போனபோது சிவப்பு விளக்கு ஒரு முறை மினுக்கியது. பச்சையானது.

யாமினி பையைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்கு ஓடினாள். "வந்துட்டாங்க மேடம்! முட்டி வரைக்கும் பனி. விழுந்து விழுந்து வந்திருப்பாங்க போல, கையெல்லாம் சிராய்ப்பு!" ரகசிய விதிகளெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தன. "சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க!"

"திருப்பிக் குடுங்க," என்றாள் கோகிலவாணி. நாலாயிரம் மைலுக்கு அப்பால் அதே சொல் ஒலித்திருக்க வேண்டும். உடம்புக்குள் ஒரு சரிவு கடைசியாக ஒரு முறை வழுக்கிக்கொண்டு போனது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஒரு தட்டு. சந்தித்தன. பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கைப்பேசியை எடுத்து 'வெள்ளைமலை' குழுவில் எழுதினாள்: 'எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன். உண்மையில் எங்கள் வீட்டில் இவர்தான் எக்ஸ்பர்ட். கூச்சத்தில் சொல்லவில்லை.'

வையாபுரி உடனே பதில் போட்டார்: 'எனக்கு அப்போதே தெரியும்! சம்பந்திக்கு உச்சியிலிருந்து கறுப்புச் சரிவு பதிந்துவிட்டேன்.'

*

அரங்கேற்றத்தன்று சென்னியப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான பிறகு முதல் தடவை. சூரிச்சில் நேரலை பார்ப்பதால் முகம் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். வீட்டில் கொஞ்ச நாளாக அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. சென்னிமலைக் கோயிலுக்கு இரண்டு முறை போய்வந்தார். மாசியில் ஐரோப்பாவில் பனி பெய்யக் கூடாது என்பதுதான் வேண்டுதல் என்று டிரைவர் மூலம் தெரிந்தது.

பாட்டு எழுந்தது. கோகிலவாணி முன்னால் நின்று ஆடினாள். துளி மாறாமல் திரும்பி வரும் என்று நிலையம் சொல்லியிருந்தது. முதல் திருப்பத்திலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. குதிகால் நேரத்துக்குத் தரையைத் தொட்டது. இரண்டு முழங்கால்களும் ஒன்றாக மடங்க, உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கிக்கொண்டு திரும்பியது. பின்னால் நின்ற பரிமளம் ஆசிரியர் ஏதோ புது அடவு போடுகிறார் என்று நினைத்து அப்படியே சாய்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வரிசை. மைதானம் நிறைய மஞ்சள் புடவைகள், மலையிலிருந்து இறங்குவதுபோல், ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக வளைந்தன.

கூட்டம் விசிலடித்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த முனைவர் ஒருவர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "இந்தச் சாய்வைக் கவனித்தீர்களா? இரண்டாயிரம் ஆண்டுப் பழமை! குறிஞ்சி நிலத்துக்கே உரியது! வேறெந்த நாட்டானாலும் கனவிலும் செய்ய முடியாது!"

முன்வரிசையில் சென்னியப்பன் தனக்கு முன்பே தெரிந்த விஷயம் என்பதுபோல் தலையாட்டினார்.

வேர்வையோடு மேடைக்குப் பின்னால் வந்தபோது கைப்பேசியில் மிருதுளாவின் செய்தி இருந்தது. ஒரு சின்ன வீடியோ. ஆரஞ்சு நிற மீட்புச் சட்டை, பின்னால் வெள்ளை மலை. உச்சியில் நின்று விரலைத் தேய்க்கிறாள், இடது பக்கம் பார்க்கிறாள், பறக்கிறாள். முதல் வளைவில் இடது கால் பலகை அரைத் தாளம் பிந்தித் திரும்புகிறது. அடியில் எழுதியிருந்தாள்: 'அத்தை, இதை என்ன பண்றது? குழுவுல எல்லாரும் கேக்கறாங்க.'

கோகிலவாணி அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு தட்டினாள்:

'தோளைக் கொஞ்சம் தூக்கிக்கோ கண்ணு. யாருக்கும் தெரியாது.'